போர் துரத்திய மக்களை மையில் வரைந்தவர்கள்: சீன ஓவியங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழை நாட்டு ஓவியங்களைச் சிறு கூட்டங்களில் படம் போட்டுக் காட்டிப் பேசுவது எனக்குப் பல நாள் பழக்கம். சீனா மீது ஜப்பான் படையெடுத்த காலத்தில் ஊரை விட்டு ஓடிய மக்களை வரைந்தவர்கள் பற்றிப் பேசினால், ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சீனப் பெயர்களில் முதலில் வருவது குடும்பப் பெயர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீன ஓவியம்னாலே மலை, மேகம், மூங்கில்தானே? அகதிகளை எல்லாம் வரைஞ்சாங்களா?

வரைந்தார்கள், அதுவும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. 1074-இல் வட சீனாவில் கடும் வறட்சி. தலைநகர் கைஃபெங்கின் கோட்டை வாசல் ஒன்றில் ஜெங் சியா என்ற சிறிய அதிகாரி காவல் பொறுப்பில் இருந்தார். பசியோடு நகருக்குள் வந்து குவிந்த குடியானவர்களைப் படமாக்கி, அவசர ராணுவத் தபால் என்று பொய் சொல்லிப் பேரரசர் ஷென்சோங்கிடம் சேர்த்துவிட்டார். அரசர் அன்றிரவு தூங்கவில்லை என்றும், அமைச்சர் வாங் அன்ஷியின் புதிய திட்டங்கள் சில நிறுத்தப்பட்டன என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வாங் அன்ஷி பதவி விலகினார்; ஜெங் சியா பிறகு நாடு கடத்தப்பட்டார். அந்தப் படம் இன்று இல்லை. ஆனால் 'அகதிகள் படம்' என்றால் ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டும் மனு என்ற எண்ணம் சீனாவில் நிலைத்துவிட்டது.

அப்புறம் 1516-இல் சூஜோ நகரத்து ஓவியர் ஜோவ் சென், தெருவில் கண்ட பிச்சைக்காரர்களையும் வித்தைக்காரர்களையும் தனித்தனி உருவங்களாக வரைந்தார். அந்தச் சுருள் இப்போது இரண்டாகப் பிரிந்து, அமெரிக்காவில் கிளீவ்லண்டிலும் ஹொனலூலுவிலும் இருக்கிறது. ஆக, மரபு உண்டு. மெலிந்த மரபுதான். கல்விமான்களின் ரசனை மலையையும் மூங்கிலையுமே தூக்கிப் பிடித்தது. அதனால் கேள்வி கேட்டவர் மீதும் தப்பில்லை.

எந்தப் போர்? எத்தனை பேர் இடம்பெயர்ந்தாங்க?

1937 ஜூலை 7 அன்று பெய்பிங் (இன்றைய பெய்ஜிங்) அருகே மார்க்கோ போலோ பாலத்தில் தொடங்கி, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை நடந்த போர். 1937 ஜூலை கடைசியிலேயே பெய்பிங் விழுந்தது. ஆகஸ்டில் ஷாங்காயில் சண்டை, டிசம்பரில் நான்ஜிங்கில் படுகொலை, 1938 அக்டோபரில் குவாங்ஜோவும் வூஹானும் வீழ்ச்சி. அரசாங்கமே மேற்கே மலைகளுக்கு நடுவிலிருந்த சோங்சிங்குக்கு இடம் மாறியது. பல்கலைக்கழகங்கள் நூலகத்தோடு நடந்தன. ஆலைகளைக் கழற்றிப் படகுகளில் ஏற்றினார்கள்.

எட்டு முதல் பத்துக் கோடிப் பேர் ஒரு கட்டத்திலாவது வீட்டை விட்டு வெளியேறியிருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லும் மதிப்பீடு. எல்லோரையும் எதிரியே விரட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1938 ஜூனில் ஜப்பானியர் முன்னேறுவதைத் தடுக்கச் சீன ராணுவமே ஹுவாயுவான்கோவில் மஞ்சளாற்றின் கரையை உடைத்தது. வெள்ளத்தில் பல லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் எத்தனையோ லட்சம் பேர் வீடிழந்தார்கள். 1942-43-இல் அதே ஹெனான் மாகாணத்தில் பெரும் பஞ்சம். ஓவியங்களில் வருகிற எலும்பும் தோலுமான உடம்புகளைப் பார்க்கும்போது குண்டோடு பஞ்சத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மை? கேமரா இருந்த காலம்தானே, ஆயில் பெயின்டிங்கும் தெரிஞ்சிருக்குமே?

தெரியும். சூ பெய்ஹோங் போன்ற ஓவியர்கள் பாரிஸில் படித்தவர்கள். ஆனால் எண்ணெய் வண்ணமும் துணியும் வெளிநாட்டுச் சரக்கு. துறைமுகங்கள் போனதும் உள்நாட்டில் அவை தங்கம் போல ஆகிவிட்டன. ஒரு மைக்கட்டி, ஒரு தேய்கல், இரண்டு தூரிகை, ஒரு சுருள் காகிதம் என்றால் மூட்டைக்குள் அடங்கிவிடும். ஓடுகிறவன் கையில் இருக்கக்கூடிய கருவி அது.

காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. ஓவியர்கள் விரும்பும் ஷுவான் காகிதம் அன்ஹுய் மாகாணத்தில் செய்யப்படுவது. அங்கிருந்து வரவு நின்றுபோனது. ஓவியர் ஜாங் தாசியான் சிச்சுவானில் ஜியாஜியாங் என்ற ஊரின் காகிதத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய மூங்கில் காகிதத்தை ஓவியத்துக்குத் தாங்கும்படி மேம்படுத்தினார். இன்னொரு ஓவியர் ஃபூ பாவ்ஷி மரப்பட்டை நாரில் செய்த முரட்டுக் காகிதத்தைப் பயன்படுத்தினார். அவருடைய கலைந்த, கீறலான தூரிகைக் கோடுகளுக்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

இன்னொன்று, மையை அழிக்க முடியாது. காகிதம் உறிஞ்சிக்கொண்டால் அவ்வளவுதான். ஒட்டிய கன்னத்தை வரைகிறவர் ஒரே தடவையில் சரியாக வைக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு இந்தப் படங்களின் முகங்களில் தெரியும்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

ஜியாங் ஜாவ்ஹ 1943-இல் முடித்த 'அகதிகள்'. தயக்கமே இல்லை. 2 மீட்டர் உயரம். முழுசாக இருந்தபோது 26 மீட்டருக்கு மேல் நீளம். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள், ஏறக்குறைய நிஜ மனித அளவில். சீனச் சுருள்களில் மனிதர்கள் விரல் அளவு இருப்பதுதான் வழக்கம். மேசையில் விரித்துக் குனிந்து பார்ப்பதற்கான படங்கள் அவை. இதன் முன்னால் குனிய முடியாது. எதிரே நிற்கிறவர்கள் நம் உயரம், நம் கண்மட்டம்.

வலப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும். கோலூன்றிய கிழவர், தரையில் சாய்ந்து கிடப்பவர்கள், குழந்தையை அணைத்த தாய், வானத்தைப் பார்த்து அஞ்சி ஒடுங்கும் கூட்டம். பின்னணி கிட்டத்தட்ட இல்லை. வீடும் தெருவும் மரமும் இல்லாத வெற்றுக் காகிதத்தில் ஆட்கள் மட்டும். சீன மரபில் வெற்றிடம் பனிமூட்டமாக, நீராக, அமைதியாக வாசிக்கப்படும். இங்கே அதே வெற்றிடம் போக்கிடம் இல்லாத நிலையாகிவிட்டது. எனக்கு இந்தப் படத்தில் ஆகப்பெரிய துணிச்சல் அதுதான் என்று தோன்றும்.

முகங்களை அருகில் பாருங்கள். உலர்ந்த தூரிகையைத் தேய்த்துத் தேய்த்துக் கன்னக்குழி, கண்குழி, காறை எலும்பு எல்லாவற்றையும் எழுப்பியிருக்கிறார். மேற்கத்திய உடற்கூறு அறிவு அது. ஆனால் உடைக்கு வந்ததும் நாலைந்து கோடுகள்தான், பழைய சீனக் கோடு. இரண்டையும் ஒட்டவைத்த தையல் தெரியாது.

யார் இந்த ஜியாங்? பெரிய கலைக்கல்லூரியில படிச்சவரா?

இல்லை. 1904-இல் சிச்சுவானின் லூஜோ பகுதியில் பிறந்தவர். பதின்வயதிலேயே பிழைப்பு தேடி ஷாங்காய் போய், கரிக்கோலில் உருவப்படம் வரைவது, விளம்பரம் வரைவது என்று காலம் தள்ளினார். 1927-இல் சூ பெய்ஹோங்கைச் சந்தித்தது பெரிய திருப்பம். வறுமையை அவர் கேள்விப்பட்டு வரையவில்லை என்பது, ரிக்‌ஷாக்காரர்களையும் தெருப்பிள்ளைகளையும் வரைந்த முந்தைய படங்களிலேயே தெரிந்துவிடும்.

ஜப்பான்காரன் பிடியில இருந்த ஊர்லயே வரைஞ்சாராமே, எப்படி விட்டாங்க?

விடவில்லை, அதுதான் கதை. பெய்பிங்கில் இருந்தபடியே வேலை செய்தார். தெருவில் கண்டவர்களை அழைத்து வந்தும், நண்பர்களை நிற்கவைத்தும் வரைந்தார். 1942-இல் ஷாங்காய், நான்ஜிங் பக்கம் போய் முன்வரைவுகள் சேர்த்தார். மொத்தமாக விரித்துவைத்து வரையக்கூடிய சூழல் இல்லை. பகுதி பகுதியாக வரைந்து எடுத்துவைத்தார். இவ்வளவு பெரிய படத்தின் நீளத்தை மனதிலேயே கட்டிவைத்திருக்க வேண்டும்.

1943 அக்டோபர் 29 அன்று, அரண்மனையை ஒட்டிய, பேரரசர்களின் முன்னோர் கோயில் வளாகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். பெயரை மட்டும் 'மக்கள் கூட்டம்' என்கிற மாதிரி மழுப்பலாக மாற்றியிருந்தார்கள். சில மணி நேரத்தில் ஜப்பானிய அதிகாரிகள் வந்து கழற்றச் சொன்னார்கள்.

பாதிப் படம்தான் இருக்குன்னு சொல்றாங்களே, மீதி எங்கே?

மறுவருடம், 1944-இல், ஷாங்காயில் மறுபடி காட்டினார். அங்கே படத்தை ஜப்பானியர் 'இரவல்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள், திருப்பித் தரவில்லை. 1953-இல் ஷாங்காய்க் கிடங்கு ஒன்றில் முன்பாதி கிடைத்தது. ஈரத்தில் கெட்டு, கறை படிந்து, அங்கங்கே கிழிந்திருந்தது. அந்த மிச்சம் சுமார் 12 மீட்டர். பின்பாதி இன்றுவரை கிடைக்கவில்லை; பழைய புகைப்படங்களில்தான் அதைப் பார்க்க முடியும். ஓவியர் 1986-இல் காலமானார். பிறகு அவர் மனைவி சியாவ் சியோங், மிஞ்சிய பாதியைச் சீன தேசிய கலைக்கூடத்துக்குக் கொடுத்தார்.

அகதிகள் படத்துல எதிரியே இல்லையே? ஒரு ஜப்பான் சிப்பாய்கூட இல்லாம எப்படி எதிர்ப்பு ஓவியம்னு சொல்றீங்க?

நல்ல கேள்வி. சிப்பாயையோ கொடியையோ துப்பாக்கியையோ வரைந்திருந்தால் படம் கோயில் வளாகம்வரை வந்தே இருக்காது. ஓவியரும் மிஞ்சியிருக்க மாட்டார். இது முதல் காரணம், நடைமுறைக் காரணம்.

ஆனால் தணிக்கை செய்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள். புரியாவிட்டால் சில மணி நேரத்தில் ஏன் கழற்ற வேண்டும்? ஆக்கிரமிப்பில் 'ஒழுங்கும் வளமும்' வந்துவிட்டதாக அவர்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்த நகரம் அது. பட்டினி கிடந்தவர்கள் நிஜ அளவில் வரிசையாக நின்றால் அந்தப் பிரசாரம் என்ன ஆகும்? ஜெங் சியா காலத்து மனுவும் இப்படித்தான் வேலை செய்தது. அதிலும் குற்றவாளியை வரையவில்லை, விளைவைத்தான் காட்டினார்கள்.

துரோகி ஒருத்தன் கொடுத்த காசுல வரைஞ்சதாமே? அப்போ அந்தப் படத்தை எப்படிப் பாராட்டுறது?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. விஷயம் உண்மைதான். யின் தோங் என்பவர் ஜப்பானியர் அமைத்த வடசீனப் பொம்மை நிர்வாகத்தில் உயர் அதிகாரி. ஜியாங்குக்கு இந்த வேலைக்காகப் பண உதவி செய்தவர் அவர். படம் முடிவதற்கு முன்பே, 1942 கடைசியில் இறந்தும்விட்டார். 1949 கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பிறகு வந்த அரசியல் இயக்கங்களில் இதைவைத்து ஜியாங்கைப் பிடித்து உலுக்கினார்கள். 'அகதிகள்' பல ஆண்டுகள் பேசக்கூடாத படமாக இருந்தது. படத்தை ஜப்பானியர் தடுத்தார்கள்; பிறகு சொந்த நாட்டவர் சந்தேகித்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால்: பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் வேண்டாம், அதை வைத்துப் படத்தைத் தீர்த்துக்கட்டவும் வேண்டாம். ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தில் சுத்தமான பணம் என்று எதைச் சொல்வது? அங்கே அரிசி வாங்கினாலும் காகிதம் வாங்கினாலும் எங்கோ ஓரிடத்தில் அந்த நிர்வாகத்தின் கை பட்டிருக்கும். கொடுத்தவர் விரும்பியிருக்கக்கூடிய எதையும் படம் செய்யவில்லை, ஆட்சியைப் புகழும் ஒரு மூலைகூட அதில் கிடையாது. எனக்கு அது போதும். போதாது என்பவர்களோடு சண்டை போட மாட்டேன்.

ஃபெங் சிகாய் படங்கள் கார்ட்டூன் மாதிரி இருக்கே, அதையும் இதோட சேர்க்கலாமா?

தாராளமாக. அளவில்தான் நேரெதிர். ஜியாங்கின் படம் சுவரை நிரப்பும். ஃபெங்கின் படம் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. நாலு கோடு, இரண்டு வரி கவிதை, சில சமயம் முகத்தில் கண் மூக்குகூட இருக்காது. ஆனால் தூரிகை, மை, ஓரத்தில் எழுத்து என்று எல்லாமே பழைய மரபுதான். 1921-இல் தோக்கியோவில் இருந்தபோது தாகெஹிசா யுமேஜியின் சிறு தூரிகைச் சித்திரங்களைப் பார்த்து மயங்கியவர். 1920-களின் நடுவிலிருந்து பத்திரிகைகளில் குழந்தைகளையும் தெருக்காட்சிகளையும் வரைந்து பெயர் வாங்கினார்.

இவ்வளவு மென்மையானவர் போர் தொடங்கிய பிறகு வரைந்த ஒன்றைச் சொல்கிறேன். விமானத் தாக்குதல். ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தாய்க்குத் தலை இல்லை. குழந்தை இன்னும் பால் குடிக்கிறது. கூடவே எழுதிய வரிகளில், ரத்தமும் பாலும் கலந்து ஓடுவதாக முடித்திருப்பார். குழந்தைப் படத்துக்கு எடுத்த அதே எளிய கோடுகள். கொடூரத்துக்கென்று தனிப் பாணி எதையும் அவர் தேடவில்லை. அதனால்தான் பக்கத்தைத் திருப்பியதும் கை நின்றுவிடுகிறது.

அவர் வெளியே இருந்து பார்த்து வரைஞ்சாரா, இல்ல அவரும் அகதியா?

அகதியேதான். ஜெஜியாங் மாகாணத்தில் ஷிமென் என்ற சிற்றூர் அவருடையது. 1933-இல் ஆசை ஆசையாக அங்கே ஒரு வீடு கட்டியிருந்தார். 1937 நவம்பரில் ஊர்மேல் குண்டு விழுந்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி வயதான மாமியார், பிள்ளைகள் என்று பத்துப் பேரோடு படகேறினார். 1938 பிப்ரவரியில் வீடு எரிந்துபோன செய்தி வந்தது. பிறகு ஜியாங்சி, ஹுனான், வூஹான், குயிலின், யிஷான், சுன்யி, கடைசியில் 1942-இல் சோங்சிங். நடுவில் குயிலினில் ஒரு மகனும் பிறந்தான்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். 1939 கடைசியில் ஜப்பானியர் நான்னிங்கைப் பிடித்துவிட்டார்கள். குவாங்சியிலிருந்து குயிஜோவுக்கு ஓட வேண்டும். ஹெச்சி என்ற ஊரில் வண்டி கிடைக்காமல் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டார். விடுதி முதலாளி இவர் யார் என்று தெரிந்ததும், தன் தந்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து வரிகள் எழுதித் தரும்படி கேட்டார். எழுதியது பொன் தூவிய காகிதம்; மை சீக்கிரம் உலரவில்லை. வெயிலில் காயவைத்தார்கள். அந்த வழியாகப் போன மோட்டார் நிலையப் பொறுப்பாளர் ஈரம் உலராத கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இங்கே இருக்கிறாரா என்று தேடி வந்தார். அவர் ஏற்பாடு செய்த வண்டியில் குடும்பம் தப்பித்தது. மை உடனே உலர்ந்திருந்தால்? வண்டியே இல்லை. எனக்குத் தெரிந்து ஓவியனுக்கு மை இவ்வளவு நேரடியாக உதவி செய்த இன்னொரு சம்பவம் கிடையாது.

அவர் பௌத்தர், எறும்பைக்கூடக் கொல்லக்கூடாதுன்னு படம் போட்டவர். போர்ல எந்தப் பக்கம்?

அவருடைய குரு, துறவியாகி ஹோங்யி என்று பெயர் பெற்ற லி ஷுதோங். குருவின் ஐம்பதாம் வயதுக்கு, கொல்லாமையைச் சொல்லும் உயிர் காக்கும் படங்கள் ஐம்பது, அறுபதுக்கு அறுபது என்று, நூறு வரை பத்தாண்டுக்கு ஒரு தொகுதி தருவதாக வாக்கு. அறுபது படங்கள் போர்க்காலத்தில்தான் வரையப்பட்டன. பழைய நண்பரான எழுத்தாளர் ஒருவர், இந்த நேரத்தில் உயிர்க்காப்புப் படங்களை எரித்துவிடலாம் என்றார். ஃபெங் கோபத்தோடு மறுத்தார். எறும்பைக் காப்பது எறும்புக்காக மட்டும் இல்லை, கொல்லத் துணியும் மனம் நமக்குள் வளராமல் இருக்க என்பது அவர் வாதம். அதேசமயம் ஆக்கிரமிப்பாளனை எதிர்ப்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அமைதிக்காகவும் மனிதத்தன்மைக்காகவும் போரிடுகிறோம் என்றார்.

இரண்டும் முரண் இல்லையா என்று கேட்பார்கள். படத்தில் பாருங்கள். 1938-இல் வரைந்ததில், வெட்டப்பட்ட பெரிய அடிமரத்திலிருந்து புதுக்கிளைகள் சீறிக்கொண்டு வருகின்றன. இன்னொன்றில் பீரங்கிக் குண்டின் கூடு பூச்சாடியாகிவிட்டது. எதிரியைக் குத்திக் கிழிக்கும் சுவரொட்டிகள் மலிந்த காலத்தில் அவர் இப்படித் தேர்ந்தெடுத்தார். எல்லாப் படங்களும் சமமாக நிற்பதில்லை, சில உபதேசமாகிவிடுகின்றன. இந்த இரண்டும் நிற்கின்றன.

வடக்கும் நடுவும் சரி. தெற்கே, கான்டன் பக்கம் யாரும் இல்லையா?

உண்டு. கான்டன் என்பது குவாங்ஜோதான். அங்கே லிங்னான் என்ற தென்சீனப் பாணி ஓவியர்கள் முன்பிருந்தே விமானம், தந்திக்கம்பம், இடிபாடு எல்லாம் மை ஓவியத்துக்குள் வரலாம் என்று சொல்லிவந்தவர்கள். மூத்தவர் காவ் ஜியான்ஃபூ, 1932-இல் ஷாங்காய் குண்டுவீச்சுக்குப் பிறகு எரியும் இடிபாடுகளையே சுருளோவியமாக வரைந்தார். அவர் மாணவர் குவான் ஷான்யுவே 1938 அக்டோபரில் குவாங்ஜோ விழுந்தபோது நகரை விட்டு ஓடியவர். பல பாடு பட்டு ஹாங்காங் வழியாக மக்காவ் போனார். போர்ச்சுகீசியர் வசமிருந்ததால் அங்கே போர் எட்டவில்லை. குருவும் அங்கேதான் ஒரு பௌத்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தார்.

அந்தக் கோயிலில் இருந்தபடி 1939-இல் குவான் வரைந்தவைதான் நகரை விட்டு வெளியேறும் மக்கள் கூட்டமும், மீனவர்களுக்கு நேர்ந்த அழிவும். முதலாவது, நீண்ட கிடைமட்டத் தாள். நகரம் கைவிடப்பட்டதையும் தானும் தப்பி ஓடியதையும் படத்திலேயே எழுதிவைத்தார். பழைய அறிஞர்கள் நிலவு பார்த்ததையும் நண்பரை வழியனுப்பியதையும் எழுதிய அதே இடத்தில் இந்த வரிகள்.

இவ்வளவு நடக்கும்போது மலையும் நண்டும் வரைஞ்சுக்கிட்டிருந்தவங்க தப்பிச்சுக்கிட்டவங்கதானே?

சிலர் அப்படித்தான். எல்லோரையும் ஒரே கூடையில் போட முடியாது. ஃபூ பாவ்ஷி சோங்சிங் புறநகரில், ஜின்காங்போ என்ற மலைச்சரிவில், குடும்பத்தோடு அகதியாக வாழ்ந்தவர். 1942-இல் அவர் வரைந்தது நாடு கடத்தப்பட்டு ஆற்றங்கரையில் அலைந்த பழங்காலக் கவிஞர் சூ யுவானை. அந்த ஆண்டு சோங்சிங்கில் அதைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

நண்டு விஷயத்துக்கு வருவோம். கிழவர் சீ பைஷி பெய்பிங்கிலேயே இருந்தார். அதிகாரிகளுக்குப் படம் விற்பதில்லை, நேரில் வர வேண்டாம் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார். நண்டு வரைந்து, குறுக்கே நடக்கிறாயே, எத்தனை நாளைக்கு என்று எழுதினார். குறுக்கே நடப்பது என்றால் அங்கே அடாவடி என்று பொருள். நண்டு நண்டாகவும் இருந்தது.

மரச்செதுக்கு அச்சுகளும் கறுப்பு-வெள்ளைதானே? அதுவும் மை ஓவியமா?

இல்லை, அது தனி இயக்கம். எழுத்தாளர் லூ ஷுன் 1930-களின் தொடக்கத்தில் ஊக்கப்படுத்தியது, ஜெர்மன் பாணித் தாக்கம் அதிகம். கத்தியால் செதுக்கி அச்சு மையில் எடுப்பது. ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடைப்பதால் போர்க்காலத்தில் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அதில் இடப்பெயர்வு நிறையவே உண்டு. 1944-இல் குயிலினை அவசர அவசரமாகக் காலிசெய்த ரயில் நிலையக் காட்சியைச் சாய் திஜி செதுக்கியது பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபெங் ஆசையாகத் தங்கியிருந்த குயிலின்தான் அது.

இந்தியாவுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. சூ பெய்ஹோங் 1939-இல் சிங்கப்பூரில் கண்காட்சி நடத்தி, வந்த பணத்தைப் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினார். அந்த ஆண்டு கடைசியில் தாகூர் அழைப்பில் சாந்திநிகேதன் வந்தார். அங்கே வந்த காந்தியைப் பார்த்து வரைந்தார். 1940-இல் மலையைப் பெயர்க்கப் புறப்பட்ட முட்டாள் கிழவர் கதையைப் பெரிய மை ஓவியமாக்கினார். மண்வெட்டி ஓங்கி நிற்கும் அந்த ஆட்களில் பலருக்கு மாதிரியாக இருந்தவர்கள் இந்தியர்கள். சீனப் பழங்கதைக்குள் நம்மூர் தோளும் வயிறும். பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொருவர் யெ சியான்யூ. 1941 டிசம்பரில் ஹாங்காங் விழுந்ததும் அங்கிருந்து தப்பி, அந்த ஓட்டத்தையே கேலியும் வலியும் கலந்து சித்திரத் தொடராக வரைந்தார். 1943-இல் இந்தியா வந்தவர், இங்கே பார்த்த நடனங்களை வரையத் தொடங்கி, பிறகு தூரிகை ஓவியத்திலேயே நிலைத்துவிட்டார்.

போர் முடிஞ்சதும் இந்த மாதிரிப் படங்களும் நின்னுபோச்சா?

மக்கள் அலைவது நிற்கவில்லையே. 1946-இல் ஓவியர் சிது சியாவ், நிவாரண அமைப்பின் ஏற்பாட்டில் குவாங்தோங், குவாங்சி, ஹுனான், ஹுபெய், ஹெனான் என ஐந்து மாகாணங்களைச் சுற்றினார். கூடவே மனைவியும். சிது காசநோயாளி. இருந்தும் வழியில் கண்ட பட்டினியையும் வீடு திரும்ப வழியில்லாதவர்களையும் வரைந்து, நான்ஜிங்கிலும் ஷாங்காயிலும் காட்டினார்.

ஷாங்காயில் ஜாங் லெபிங் 1947-இல் பத்திரிகையில் தொடங்கிய சித்திரத் தொடரின் நாயகன் சான்மாவ், மூன்றே முடி கொண்ட அநாதைப் பையன். குளிர்காலத்தில் சந்தில் நெருப்பைச் சுற்றி ஒடுங்கியிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவர்களில் இருவர் உறைந்து இறந்துகிடந்ததைக் கண்டதுதான் அதற்குத் தூண்டுதல். சீனாவில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சிரித்துப் படிக்கும் சித்திரக் கதை அது.

பிறர் துன்பத்தை அழகா வரைஞ்சு கண்காட்சி வைக்கிறது சரியா? எனக்கு ஏதோ உறுத்துது.

உறுத்தட்டும், தப்பில்லை. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படத்தில் உள்ளவர் 'அகதி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டாரா, அல்லது தனி ஆளாக இருக்கிறாரா? ஜியாங்கின் நூறு பேரில் எந்த இருவரும் ஒரே முகம் இல்லை. ஒருவர் வெட்கப்படுகிறார், ஒருவர் கோபமாக இருக்கிறார், ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நீண்ட அங்கி போட்ட படித்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார். பரிதாபத்துக்காக மட்டும் வரைந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம், ஒரே அழுமுகத்தைப் பல தடவை போட்டிருக்கலாம். மட்டமான போர்ச் சுவரொட்டிகள் அதைத்தான் செய்தன.

இன்னொன்று, ஃபெங், குவான், ஃபூ பாவ்ஷி, யெ எல்லோருமே ஓடியவர்கள். ஜியாங் ஓட முடியாமல் சிக்கியவர். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் இவர்களில் யாரும் இல்லை.

பிறகு இவங்களுக்கு மரியாதை கிடைச்சுதா?

கிடைத்தது, பறிக்கவும் பட்டது. ஜியாங் பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறைக்கு மனித உருவம் வரையக் கற்றுக்கொடுத்தார். மேலே சொன்ன பணவிவகாரம் மட்டும் அவரை விடவில்லை. ஃபெங், ஷாங்காய் ஓவியக் கழகத்தின் தலைவராக இருந்து 1966-இல் கலாச்சாரப் புரட்சியில் அவமானப்படுத்தப்பட்டார். அப்போதும் குருவுக்குக் கொடுத்த வாக்கை விடாமல், விடியற்காலையில் ரகசியமாக உட்கார்ந்து கடைசித் தொகுதியை 1973-இல் முடித்தார். 1975-இல் இறந்தார். சிங்கப்பூரில் இருந்த குவாங்சியா என்ற பிக்குவின் முயற்சியால் 1979-இல் அது அச்சேறியது. எரிந்துபோன ஷிமென் வீட்டைத் திரும்பக் கட்டவும் அவரே உதவினார். 1985-இல் கட்டி முடித்தார்கள்.

நேர்ல பார்க்கணும்னா எங்கே போகணும்?

'அகதிகள்' பெய்ஜிங்கில் சீன தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆனால் காகித ஓவியத்தை வெளிச்சத்தில் நெடுநாள் வைக்க மாட்டார்கள். காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். குவான் படங்களுக்கு ஷென்ஜெனில் அவர் பெயரிலேயே கலைக்கூடம் உண்டு. ஷிமெனில் ஃபெங் வீடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உயிர்க்காப்புப் படங்களின் மூலங்கள் ஹாங்ஜோவில் ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போக முடியாதவர்களுக்கு ஒரு வழி. கணினித் திரையில் ஜியாங்கின் படத்தை முழுநீளமாகப் பார்க்காதீர்கள், ஈர்க்குச்சி மாதிரித்தான் தெரியும். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக்கொண்டே இடப்பக்கம் நகருங்கள். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.